வழிநூலும் கைமாறிய மற்களமும்

உத்தரகாண்டம் கம்பர் பாடியதன்று, ஒட்டக்கூத்தர் பாடியது என்பது வழிவழியாக வரும் செய்தி. திருவரங்கத்தில் தாயார் சன்னிதிக்கு எதிரே உள்ள கம்பர் அரங்கேற்ற மண்டபத்தைக் காட்டி மாணவர்களுக்கு இதைச் சொல்வது நம் வழக்கம். கதை தொடர்கிறது, கை மாறிவிட்டது. பட்டாபிஷேகத்தோடு ஏட்டைக் கட்டிவைப்போரே மிகுதி. ஒருமுறை இதைக் கேட்ட மாணவர் ஒருவர், “2கே20 கதை போல இருக்கிறதே, ஐயா” என்றார். அதென்ன என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

மேலை நாட்டு மல்யுத்தக் காட்சி நமக்குப் புதிதன்று. 1990களில் கேபிள் தொலைக்காட்சி அதைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தது. மல்லர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட சீட்டுக் கட்டுகள் திருச்சிப் பள்ளிப் பைகளில் பாடநூல்களோடு பயணம் செய்தன. (பறிமுதல் செய்த ஆசிரியர்களும் ஆண்டிறுதியில் அவற்றைப் புரட்டிப் பார்த்ததுண்டு.) சீட்டாடிய தலைமுறைக்கு அடுத்து வந்ததே கணினி விளையாட்டு. ஜப்பானின் ஒசாகா வட்டாரத்தைச் சேர்ந்த யூக்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷனுக்காக ‘ஸ்மாக்டவுன்’ என்ற மல்யுத்த விளையாட்டை உருவாக்கியது. அதே வரிசையில் 2003இல் வந்த ‘ஹியர் கம்ஸ் தி பெயின்’ இன்றளவும் கொண்டாடப்படுகிறது. வெளியீட்டாளரான டிஎச்க்யூ நொடித்துப்போய், 2013இல் உரிமை 2கே நிறுவனத்திடம் சென்றபோதும் யூக்ஸே உருவாக்குநராக நீடித்தது. 2014இல் வந்த 2கே15 முதல் அமெரிக்காவின் விஷுவல் கான்செப்ட்ஸ் உடன் சேர்ந்து பணியாற்றியது.

இவ்விடத்தில் உறையூர்ச் சோழன் ஒருவனை அழைக்க வேண்டியிருக்கிறது. தித்தன் மகன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். புலவர் வீரத்தைப் பொதுப்படப் புகழ்ந்துவிட்டு நகரவில்லை. ஒரு கால் எதிரியின் மார்பில் எப்படி அழுந்தியது, மற்றொரு கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் எப்படி வளைத்தது என்று உடலுறுப்புகளின் இடத்தைச் சொல்கிறார். தந்தையோடு மனம் மாறுபட்டிருந்த மகனின் வெற்றியை, அவன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், தித்தன் ஒருமுறை வந்து காணட்டும் என்பது பாட்டின் ஏக்கம். மற்போரில் பார்க்க வேண்டியது பிடி என்பதை அந்தப் புலவர் அறிந்திருந்தார்.

மல்யுத்த விளையாட்டை உருவாக்குவோரின் துன்பமும் அங்கேயே இருக்கிறது. கூடைப்பந்தில் உடல்கள் உரசும், மல்லில் பிணையும். ஒருவன் மற்றவனைத் தோளுக்கு மேல் தூக்கும்போது இரண்டு உருவங்களும் ஓருடலாக அசைய வேண்டும். உயரமும் பருமனும் ஆளுக்கு ஆள் வேறு. கயிறு, நாற்காலி, மேசை, நடுவர் எல்லாம் இடையில் வரும். இதற்கான விடைகளை யூக்ஸ் ஏறக்குறைய 19 ஆண்டுகளில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுச் சேர்த்திருந்தது. இத்தகைய அறிவில் பாதி நிரலில் இருக்கும். மீதிப் பாதி அதை எழுதியவரின் நினைவில் இருக்கும். அரையர் சேவையின் அபிநயத்தை ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் கற்றுவிட முடியுமா?

2019 ஆகஸ்டில், அடுத்த பாகத்தில் யூக்ஸ் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 22 அன்று 2கே20 வெளிவந்தது. மல்லர்களின் தலைமுடி தனியே சுழன்றது. முகங்கள் அடையாளம் தெரியாமல் போயின. உடல்கள் மேடைத் தளத்துக்குள் புதைந்தன, கயிற்றில் சிக்கித் துடித்தன. எதிரியின் பிடியை முறியடிக்கும் பொத்தானையும் இடம் மாற்றியிருந்ததால், பழகிய விரல்கள் பழைய இடத்தையே தேடின. அந்த ஆண்டு மகளிர் மல்யுத்தத்தின் எழுச்சியை ஒரு தனிப் பகுதியாகவே வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சிரிப்பில் கரைந்துபோனது. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிளேஸ்டேஷன் 4 பதிப்பு நூற்றுக்கு ஐம்பதைத் தொடவில்லை. முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

உச்சம் அதன் பிறகு வந்தது. 2020 ஜனவரி 1, திருவரங்கத்தில் பகல்பத்து நடந்துகொண்டிருந்த நாள். அன்று 2020 என்ற ஆண்டைப் பெயரில் தாங்கிய அந்த விளையாட்டு, 2020 பிறந்ததும் திறக்க மறுத்தது! கருவியின் நாட்காட்டியைப் பழைய ஆண்டுக்குத் திருப்பி வைத்தால் மட்டுமே ஓடியது. விரைவில் திருத்தம் வந்தது என்றாலும் கேலி நிற்கவில்லை.

முன்னோர் நூலின் முடிபுகளோடு ஒத்து, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்து, மரபு அழியாமல் செய்வதே வழிநூல் என்கிறார் நன்னூல் செய்த பவணந்தியார். 2கே20இல் வேறுபாடு இருந்தது, முடிபு தொலைந்தது. ஆனால் கை மாறியதை மட்டும் குற்றமாக்கிவிட முடியாது. ஆண்டுதோறும் ஒரு பாகம், அதுவும் அக்டோபரையொட்டி என்ற வணிகக் கணக்கு, புதியவர்களுக்குப் பழையதைக் கற்க அவகாசம் தரவில்லை என்றே நமக்குப் படுகிறது. 2020 ஏப்ரலில், 2கே21 என்ற பாகம் வராது என்று அறிவித்தார்கள். அதே விஷுவல் கான்செப்ட்ஸ் நேரம் எடுத்துக்கொண்டு 2022 மார்ச்சில் தந்த 2கே22 நல்ல வரவேற்பைப் பெற்றது.

யூக்ஸ் வேறொரு மல்யுத்த அமைப்பான ஏஇடபிள்யூவுக்குச் சென்று, 2023 ஜூனில் ‘ஃபைட் ஃபாரெவர்’ என்ற விளையாட்டைத் தந்தது. அதற்குக் கிடைத்ததும் கலவையான வரவேற்பே.