பாவக்கணக்கில் கிடைக்கும் பாட்டி

ஸ்காட்லாந்தில் தன் முன்னோரைத் தேடுகிற யாரும் 1855ல் போய் முட்டிக்கொள்வார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் அரசாங்கம் பிறப்பு, இறப்பு, திருமணங்களைக் கட்டாயமாகப் பதிய ஆரம்பித்தது. முதல் வருட உற்சாகத்தில் கேள்விமேல் கேள்வி. பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு என்ன வயது, அவர்கள் எங்கே பிறந்தவர்கள், இதற்கு முன் எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். வேலை மாளாமல் அடுத்த வருடமே பல கேள்விகளைக் கைவிட்டார்கள். 1855ல் பிறப்போ சாவோ நிகழ்ந்த குடும்பத்தின் வாரிசுகள் அதிர்ஷ்டசாலிகள்.

அதற்கு முன்னால் என்றால் ஊர்ச் சபையின் ஏடுகள்தான் கதி. சுமார் 900 சபை வட்டாரங்களின் ஏடுகள் இருக்கின்றன. ஆகப் பழையது பெர்த்ஷயரின் எரல் என்ற ஊருடையது, 1553ல் தொடங்குகிறது. எழுதியவர் பல ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியார். அக்கறையுள்ள வாத்தியார் வாய்த்த ஊரில் தாயின் குடும்பப் பெயர், தகப்பனின் தொழில், சாட்சிகள் என்று எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் தகப்பன் பெயர், பிள்ளை பெயர், தேதி. அவ்வளவுதான். பெற்றவள் பெயரே இருக்காது.

பதிந்தது பெரும்பாலும் ஞானஸ்நானத்தை, பிறப்பை அல்ல. கல்யாணத்திலும் பல இடங்களில் ஓலை வாசித்த தேதி மட்டும்தான். அதற்குப் பிறகு கல்யாணம் நின்றுபோயிருந்தால் நமக்குத் தெரியாது. சாவுக்கணக்கு இன்னும் மோசம். சவப்பெட்டிமேல் போர்த்தும் துணியைச் சபை வாடகைக்கு விட்டது. அந்த வாடகை வரவுதான் சில ஊர்களில் ஒருவர் செத்ததற்கு மிஞ்சிய ஒரே சான்று. போதாக்குறைக்கு 1783ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். அது 1794ல் நீங்கும்வரை எத்தனையோ பேர் பிள்ளையின் பெயரை எழுதவே கொடுக்கவில்லை. சபையும் அடிக்கடி உடைந்தது. 1733ல் ஒரு பிரிவு, 1761ல் இன்னொன்று. 1843ல் நானூற்றுச் சொச்சம் போதகர்கள் ஒரேயடியாக வெளியேறினார்கள். அவர்கள் பின்னால் போன குடும்பங்களைப் பழைய ஏட்டில் தேடிப் பயனில்லை.

தேடுகிறவர்கள் பெயர் வைக்கும் வழக்கத்தையும் பிடித்துக்கொண்டு போவதுண்டு. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். ‘பேரன்’ என்று சொல்கிற நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் ஏழெட்டு ஜான்கள் கிடைப்பதும் இதனால்தான்.

ஆள் அடியோடு காணாமல் போன இடத்தில் கைகொடுப்பது வேறொரு ஏடு. கிர்க் செஷன் என்ற அவையின் நடவடிக்கைக் குறிப்புகள். போதகரும் மூப்பர்களும் உட்கார்ந்து ஊரின் ஒழுக்கத்தை விசாரித்த இடம் அது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தவன், குடித்துவிட்டுச் சண்டை போட்டவன் எல்லாம் வந்து நிற்பார்கள். அதிகம் நின்றவர்கள் கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்கள். யார் அப்பன், எந்த மாதம், எந்த வீட்டில் வேலை பார்த்தாய், யாராவது பார்த்தார்களா? பிரசவ வலியில் கிடப்பவளிடம் மருத்துவச்சி அப்பன் பெயரைக் கேட்டு வாங்கியதும் உண்டு. பக்திக்கு மேல் பணமும் இதில் இருந்தது. 1845வரை ஊர் ஏழைகளுக்குப் படியளந்தது இதே சபைதான். அப்பன் தெரியாத பிள்ளையின் சோறு சபையின் உண்டியலிலிருந்து போகும். அதனால் அவன் அடுத்த ஊருக்கு ஓடினாலும் அந்த ஊர்ச் சபைக்குக் கடிதம் போகும். அதுவும் குறிப்பில் ஏறும்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸும் இதில் தப்பவில்லை. 1786ல் மாக்லின் சபையில் எல்லோர் முன்னாலும் கண்டிப்பு வாங்கினார். சாட்சிகள் முன் ஆணும் பெண்ணும் வாய்ச்சொல்லால் ஒப்புக்கொண்டாலே அங்கே சட்டப்படி கல்யாணம்தான், 1940வரை. சபைக்கு அது பிடிக்காது. 1788 ஆகஸ்டில் பர்ன்ஸும் ஜீன் ஆர்மரும் அப்படிச் செய்துகொண்ட கல்யாணத்தை ஒப்புக்கொள்ள, மூப்பர்கள் கண்டித்து, ஏழைகளுக்கென்று ஒரு கினி வாங்கிக்கொண்டு அங்கீகரித்தார்கள்.

பர்ன்ஸுக்கு வேறு ஆயிரம் சான்றுகள் உண்டு. பண்ணைவீட்டு வேலைக்காரிக்கு இது ஒன்றுதான். ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, ஒழுங்காகப் பெற்று வாழ்ந்தவளுக்கு ஏட்டில் அரைவரிகூட நிச்சயமில்லை. மூப்பர்கள் அழவைத்தவளுக்கு மட்டும் மூன்று பக்கம். அவள் பட்ட அவமானத்தை வைத்துத்தான் அவள் வாரிசு தன் வம்சத்தைத் தைத்துக்கொள்கிறார். எனக்கு இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. ஆனாலும், வேண்டாம் என்று மூடிவைக்கவும் முடியாது.

2021லிருந்து இந்தக் குறிப்பேடுகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய கையெழுத்து, மங்கிய மை. பிள்ளை பிறந்த தேதிக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து ஒரு வருடம் பின்னால்வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டவேண்டும்.