எருமைப் பாலும் ஸ்தாபன தர்மமும்: ஆனந்த் கூட்டுறவு குறித்து ஒரு விசாரணை

மாறுதலின் வாய்ப்பட்ட ஸ்தாபனங்களைப் பற்றி ஆராய்கிறவர்கள், பெரும்பாலும் தலைமையை முதலில் நிறுத்தி, அத்தலைமையின் தீர்க்கதரிசனத்திலிருந்து புதுமை பிறப்பதாகவும், அப்புதுமையை நிறைவேற்றும் பொருட்டே மற்றவர்களின் ஒத்துழைப்பு திரட்டப்படுவதாகவும் ஒரு வரிசை வகுத்துக்கொண்டு, அதற்கு உதாரணம் தேடுவதிலேயே தங்கள் பிரயாசையைச் செலவிடுகிறார்கள். குஜராத்தின் கேடா ஜில்லாவில், ஆனந்த் என்னும் சிற்றூரில் 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி பதிவு செய்யப்பட்டு, பின்னர் 'அமுல்' என்ற பெயரால் நாடறிந்த பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியனின் முதல் பத்தாண்டைக் கூர்ந்து நோக்கினால், அவ்வரிசை ஏறக்குறையத் தலைகீழாக அமைந்திருப்பதைக் காண்கிறோம். அங்கே ஒத்துழைப்பு ஒரு கடமையை உண்டாக்கிற்று. அக்கடமை புதுமையைக் கழுத்தைப் பிடித்து வாங்கிற்று. தலைமையோ, அதற்குத் தப்ப வழியிருந்தும் தப்பாமல் நின்றது. இக்கட்டுரை நிலைநாட்ட முயல்வது இவ்வளவே.

விஷயத்தின் வேர் எருமையின் சுபாவத்தில் இருக்கிறது. கேடாவில் கறக்கப்பட்ட பாலில் பெரும்பகுதி எருமைப் பால். எருமை, பசுவைக் காட்டிலும் பருவத்துக்குக் கட்டுப்பட்ட பிராணி. மழைக்காலத்தை ஒட்டிக் கன்று ஈன்று, கோடையில் கறப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேலாகக் குளிர்காலத்தில் கறந்துவிடும். பம்பாய் நகரத்தாரோ மார்கழியிலும் சித்திரையிலும் ஏறத்தாழ ஒரே அளவு தேநீர்தான் அருந்துகிறார்கள். கறவைக்கும் குடிப்புக்கும் இடையே ஆண்டுதோறும் தவறாமல் விழும் இந்த இடைவெளியின் நஷ்டம் யார் தலையில் இறங்குகிறது என்பதுதான், ஆனந்தின் சரித்திரத்தில் மற்றெல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி.

1945-இல் பம்பாய் அரசாங்கம் நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கி, 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆனந்திலிருந்து பாலைக் கொண்டுவரும் உரிமையைப் போல்சன் பால் நிலையத்தாருக்கு அளித்தபோது, அந்த நஷ்டம் குடியானவன் தலையில் இறங்கியது. போல்சன் நிர்வாகத்தாரைக் கொடியவர்கள் என்று சொல்லவேண்டியதில்லை. வியாபாரிக்குரிய சுதந்திரத்தை, அதாவது தனக்குத் தேவைப்பட்டபோது வாங்கவும், தேவைப்படாதபோது விலையைத் தணிக்கவோ கையை விரிக்கவோ உள்ள சுதந்திரத்தை, அவர்கள் பிரயோகித்தார்கள். சர்தார் வல்லபபாய் படேலிடம் குடியானவர்கள் முறையிட, அவர் சொன்ன யோசனை, பாலை நீங்களே பதப்படுத்தி நீங்களே விற்கும் சங்கம் காணுங்கள் என்பதாக இருந்தது. 1946 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் முன்னிலையில், சமர்க்கா கிராமத்தில் கூடித் தீர்மானித்து, ஒரு துளிப் பாலையும் விற்பதில்லை என்று அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 15 நாள் நீடித்தது. கறந்த பாலைத் தரையில் கொட்டியவர்கள், அதே நஷ்டத்தைத்தான் மறுபடியும் ஏற்றார்கள். ஆனால் இம்முறை தாங்களாக வரித்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நாளில் ஏற்றார்கள். ஒத்துழைப்பின் முதற்பாடம் லாபத்தைப் பங்கிடுவதில் தொடங்குவதாகப் பாடநூல்கள் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

1948-இல் இரண்டே கிராமச் சங்கங்களும், நாளொன்றுக்கு 250 லிட்டர் அளவிலான பாலுமாக வேலை தொடங்கிற்று. அந்தக் கிராமச் சங்கம் எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகில் நின்று பார்ப்பது அவசியம். விடியுமுன் பித்தளைக் குடமும் தூக்குப் பாத்திரமுமாக வரிசை நிற்கிறது; பத்து எருமை வைத்திருப்பவனும் ஒற்றை எருமைக்காரியும் வந்த முறைப்படியே நிற்கிறார்கள். ஒவ்வொருவர் பாலிலும் சிறிது மாதிரி எடுத்து வைக்கப்படுகிறது. பிறகு, அளவு கோடுகள் இட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலத்தின்மேல் 10.75 மில்லிலிட்டர் பாலைவிட்டு, ஒரு மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹாலும் சேர்த்து அடைத்துக் குலுக்கினால், குழாய் கையைச் சுடும் அளவுக்குக் கொதிப்பேறிப் பால் கருத்துப்போகிறது. இயந்திரத்தில் இட்டுச் சுழற்றி எடுத்தால், கரிய திரவத்தின்மேல் கொழுப்பு மட்டும் தெளிந்த மஞ்சள் பட்டையாக நிற்க, அதன் உயரம் எத்தனை கோடு என்று பார்த்து விலை குறிக்கப்படுகிறது. காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் பட்டுவாடா. தண்ணீர் கலந்தவனைப் பற்றி ஊரில் யாரும் அபிப்பிராயம் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் பட்டை சொல்லிவிடுகிறது. ஜாதி, சொந்தம், தாட்சண்யம் என்ற மூன்றும் கூடிக் கெடுத்துவிடக்கூடிய ஒரு விவகாரத்தை இந்தக் கண்ணாடிக் குழாய் நாளுக்கு இருமுறை காப்பாற்றிக் கொடுத்தது. நிலமற்றவர்களுக்கும் எருமையே இல்லாதவர்களுக்கும் இந்த வரிசையில் இடம் ஏது என்று விமர்சகர்கள் பின்னாளில் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு ஆனந்திடம் பூரணமான பதில் இருந்ததில்லை.

இவ்வாறு அமைந்த ஸ்தாபனத்தில் குளிர்காலப் பால் பெருகி, பம்பாய் அதில் ஒரு பகுதியை வேண்டாமென்றபோது நேர்ந்த சங்கடத்தின் தன்மை, போல்சன் காலத்துச் சங்கடத்திலிருந்து அடியோடு வேறானது. சங்கம் பாலை மறுத்தால், மறுக்கப்படுகிறவன் வெளியாள் அல்லன், சங்கத்தின் உடைமையாளன், நாளைக்கு வாக்களிக்கப் போகிறவன். கைவிரிக்கும் சுதந்திரம் இல்லாத அந்த நிலைமையிலேதான், மிஞ்சிய பாலைப் பொடியாக்கி வைத்துக் கோடையில் விற்கலாகாதா என்ற யோசனைக்கு அவசரம் வந்தது. பசும்பாலைப் பொடியாக்கும் வித்தை மேல்நாட்டில் பழகிப்போன ஒன்று. எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி. ஆகவே அது பொடியாகாது என்பதுதான் அயல்நாட்டு நிபுணர்களின் முடிந்த முடிபு. அவர்கள் நாட்டில் எருமைப் பால் மிஞ்சிக் கிடந்ததில்லை என்பதையும், மிஞ்சாத பொருளைப் பற்றி ஆராய யாரும் மெனக்கெடுவதில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். ஹெச். எம். தலாயா என்ற பால்துறைத் தொழில்நுட்பர் அந்த முடிபை ஏற்காமல், சிறு அளவில் செய்து பார்த்துப் பொடியாக்கிக் காட்டினார். யுனிசெஃப் இயந்திரங்களை உதவியது. 1955 அக்டோபர் 31-ஆம் தேதி, சர்தார் படேலின் பிறந்த நாளன்று, ஜவாஹர்லால் நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். தலாயாவின் சாமர்த்தியமும், யூனியன் மானேஜர் வர்கீஸ் குரியனின் பிடிவாதமும் இல்லாவிட்டால் கடமை மட்டும் இருந்து என்ன செய்திருக்கும் என்பது அது. இதற்கு விடை குரியனின் வரலாற்றிலேயே இருக்கிறது. கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் பௌதிகமும் கிண்டியில் பொறியியலும் கற்று, அரசாங்க உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவின் மிஷிகனில் படித்துத் திரும்பிய அவர், அதற்கு ஈடாகச் சேவை செய்தே தீரவேண்டும் என்ற ஒப்பந்தத்தால் கட்டுண்டு, 1949 மே மாதம் 13-ஆம் தேதி ஆனந்தில் வந்து இறங்கியது யூனியனுக்காக அன்று. அங்கிருந்த அரசாங்கப் பால் ஆராய்ச்சி நிலையத்துக்காக. அங்கே அவருக்குச் செய்ய வேலையில்லை. ராஜினாமா எப்போது ஏற்கப்படும் என்று காத்திருந்ததே பெரிய வேலை. அதே மூளை, அதே படிப்பு, அதே பிடிவாதம், அதே ஊர். பக்கத்துக் கட்டிடத்தில் பழைய இயந்திரங்களோடு யூனியன் மல்லாடிக்கொண்டிருக்கிறது. அரசாங்கக் கட்டிடத்திலோ அத்தனை திறமையும் மாதச் சம்பளமாகக் கரைகிறது. ராஜினாமா ஏற்கப்பட்டு மூட்டை கட்டிய மனிதரை, புதிய இயந்திரம் ஓடும்வரை இருந்துவிட்டுப் போங்கள் என்று நிறுத்தியவர் யூனியன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். குரியன் பின்பு ஆனந்தை விட்டுப் போகவேயில்லை.

திரிபுவன்தாஸைப் பற்றி அதிகம் எழுதப்படாதது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. விடுதலைப் போரில் சிறை சென்ற இவர், ஊர் ஊராய்ச் சென்று குடியானவர்களிடம் பேசிச் சங்கங்களை அமைத்தவர். பால் பதனிடும் வித்தை தமக்குத் தெரியாது என்பதை நன்கறிந்து, தெரிந்தவனுக்கும் கறப்பவனுக்கும் இடையே நின்று, ஒருவரிடமிருந்து மற்றவரைக் காத்தவர். மானேஜர் சொன்ன செலவுக்கு உறுப்பினர்களிடம் ஜவாப்தாரியானவரும், உறுப்பினர்களின் பொறுமையின்மைக்கு மானேஜரிடம் ஜவாப்தாரியானவரும் இவரே. 1970-களின் தொடக்கத்தில் தாமே விரும்பிப் பதவியை விட்டு இறங்கியபோது, கிராமச் சங்கத்தார் நன்றியோடு அளித்த பணமுடிப்பைக் கிராம சுகாதாரத் தொண்டுக்கு ஒதுக்கினார். குரியனோ, உலகப் புகழுக்கும் அரசாங்க விருதுகளுக்கும் பிறகு, 2006-இல், தாம் வளர்த்த குஜராத் கூட்டுறவுப் பால் சம்மேளனத்தின் தலைமையை மனக்கசப்போடு துறக்க நேர்ந்தது. பாலைப் பொடியாக்கவும், வெண்ணெயாக்கவும், எருமைப் பாலிலேயே குழந்தை உணவு காணவும் வழி கண்ட ஸ்தாபனத்துக்குத் தலைவரை மாற்றும் வழி எளிதில் கைகூடவில்லை என்பதைக் குரியனை மதிக்கிறவர்களும் மறைக்கலாகாது.

1964 அக்டோபரில் ஆனந்துக்கு வந்து, பக்கத்துக் கிராமமொன்றில் ஓர் இரவு தங்கிய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, இவ்வகைச் சங்கங்கள் நாடெங்கும் வேண்டுமென்று விரும்பியதன் பயனாக, 1965-இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்திலேயே ஏற்பட்டது. 1970 முதல் வெண்மைப் புரட்சி என்ற பெயரால் அந்த முறை ராஜ்யந்தோறும் நடப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1981-இல் மாநிலக் கூட்டுறவு இணையம் அமைந்து, கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற மூன்று அடுக்கும் நிறைவெய்தின. அடுக்குகள் வந்தன; ஆனால் விற்பனை விலையை அரசாங்கம் அறிவிக்க, நிர்வாகத் தலைமை மாற்றலுக்குட்பட்ட அதிகாரியிடம் இருக்குமானால், ஜவாப்தாரித்தனம் கீழ்நோக்கி ஓடாமல் மேல்நோக்கி ஓடத்தான் செய்யும். ஆனந்தின் சட்டத்தை நகல் எடுக்க முடிந்தது. கைவிரிக்க முடியாத அந்த இக்கட்டை நகல் எடுப்பது எளிதாக இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பால் சொசைட்டியின் வாசலில், மழைக்காலத்து மாலை நேரமொன்றில் நான் நின்றிருந்தேன். பால் மிஞ்சிப்போனதால் இன்று சாயங்காலப் பால் எடுப்பதில்லை என்று செக்ரட்டரி கதவருகில் நின்றபடியே சொன்னார்; அவர்மேல் குற்றமில்லை, மேலிருந்து வந்த உத்தரவு. ஒரு மூதாட்டி, தூக்குப் பாத்திரத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே, "நம்ம சொசைட்டிதானே, தம்பி?" என்று கேட்டார். செக்ரட்டரி பதில் சொல்லவில்லை. மூதாட்டி வீட்டுக்குத் திரும்பிப் பாலை உறையூற்றிவிட்டதாகப் பின்னால் அறிந்தேன். அடுத்த வாரம் அந்தத் தெரு வழியே போனபோது, தனியார் பால் வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.