பிறர் கணக்கை வினவுதல்: ஒரு முறைமை அழைப்பின் வரலாறு

பலர் ஒருங்கே பயன்படுத்தும் கணினியிற் செலவுக்கணக்கு இன்றியமையாதது. ஒருவர் கொள்ளும் நேரமும் நினைவகமும் மற்றையோர்க்குக் குறைபவையாதலின், யார் எவ்வளவு கொண்டார் என்று பதிந்து வைத்தல் பணிசெயல் முறைமையின் கடமைகளுள் ஒன்றாயிற்று. ஆயின் அக்கணக்கை யாருக்கு உரைப்பது? இவ்வினாவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் முறைமையைத் தொடக்கினர். அதன் வழிவந்த பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தாரின் 4.2 பி.எஸ்.டி. பதிப்பு 1983 இல் வெளிவந்தது. கெற்-ஆர்-யூசேஜ் என்னும் அழைப்பு அப்பதிப்பிலேயே தோன்றியது. செயலிநேரம், உச்ச நினைவகம், பக்கத் தவறுகள் முதலாகப் பதினாறு பதிவுகளை அது தரும். எனினும் வினவும் முறைவழிக்குத் தன் கணக்கும், முடிவுற்றுத் தான் பொறுப்பேற்ற சேய்களின் கணக்குமே கிடைக்கும். முன்னதற்குக் குறி 0. பின்னதற்குக் குறி -1.

பிறர் கணக்கு வேண்டியோர் வேறுவழி நாடினர். பீ.எஸ். என்னும் நிரல் சிறப்பு அதிகாரம் பெற்று, முறைமையின் கருவாகிய கேர்ணலின் நினைவகத்தை நேரே வாசித்தது. உள்ளமைப்பு மாறுந்தோறும் அந்நிரலும் மாறவேண்டியதாயிற்று. இக்குறையை நீக்க 1984 இல் தொம் கில்லியன், முறைவழிகளைக் கோப்புகளாகக் காட்டும் புறொக் முறையை விளக்கினார். லினக்ஸ் அதனை எழுத்துவடிவில் விரித்தது. ஆயினும் ஒவ்வொரு முறைவழிக்கும் கோப்பைத் திறந்து, வாசித்து, எண்ணாக மாற்றுதல் வீண்செலவேயாம்.

முறைவழி எண்கள் யாவும் நேரெண்கள். ஆதலின் அவ்வெண்ணையே பழைய அழைப்பிற் குறியாகக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் 2008 இல் லினக்ஸ் 1 என்னும் குறியை இழைகளின் கணக்கிற்கு ஒதுக்கியது. முதல் முறைவழியின் எண்ணும் அதுவே. மேலும், ஒரு முறைவழி மாய்ந்தபின் அதன் எண் பிறிதொன்றிற்கு வழங்கப்படலாம். அப்போது வந்த கணக்கு யாருடையது என்ற ஐயம் எழும். அப்பிள் நிறுவனம் 2013 இல் தன் முறைமையிற் புதிய அழைப்பொன்றையே அமைத்து எண்வழி வினவ இடமளித்தது.

இவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு. நினைவக அளவின் ஏற்றத்தாழ்வைக் கொண்டே ஒருவர் எந்த இணையப்பக்கத்தைப் பார்க்கிறார் என்று ஊகிக்கலாம் என 2012 இல் சுமன் ஜனா, விற்றாலி ஷ்மாற்றிக்கோவ் ஆகியோர் நிறுவினர். அவ்வாண்டிலேயே பிறர் முறைவழிகளை மறைக்கும் வசதியும் லினக்ஸிற் சேர்ந்தது.

வெறும் எண்ணும் ஒருவரது மறையைக் காட்டிக்கொடுக்கும் என்பது இதனாற் பெறப்படும். ஆதலின் அழைப்பை விரிப்போர், விரைவாக விடையளிப்பது எங்ஙனம் என்பதற்கு முன், வினவ உரியவர் யார் என்பதை வரையறுத்தல் வேண்டும். கணக்கு இன்றேல் பொதுப்பொறியில் நீதியில்லை. கணக்கிற்கு எல்லை இன்றேல் அதனைப் பயன்படுத்துவோர்க்குக் காவலில்லை.