சாரட்டு வண்டியிலிருந்து காருக்கு



சென்னை அண்ணா சாலையில் பெரியார் சிலை இருக்கும் 'சிம்சன்' பஸ் ஸ்டாப் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்குரிய கம்பெனியை 1840-ல் ஏ.எம். சிம்சன் என்பவர் தொடங்கினார். குதிரைச் சேணமும், வசதி படைத்தவர்கள் ஏறும் சாரட்டு, கோச்சு வண்டிகளும்தான் அவர்கள் தொழில்.

மோட்டார் வந்ததும் இந்தக் கம்பெனி மூடிக்கொண்டு போகவில்லை. 1903-லேயே அங்கிருந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டிக் காட்டினார். அந்தக் காலத்தில் பெரிய கார்கள் பலவும் சேசிஸாக மட்டுமே வரும். அதாவது சட்டம், எஞ்சின், சக்கரம், அவ்வளவுதான். மேலே பாடி கட்டத் தச்சர், கொல்லர், தோல் மெத்தை தைப்பவர், வர்ணம் அடிப்பவர் வேண்டும். இவர்கள் எல்லோரும் சாரட்டுப் பட்டறையில் ஏற்கெனவே இருந்தார்கள்!

வங்கியில் வாகனக் கடன் பதிவேட்டில் சேசிஸ் எண், எஞ்சின் எண் என்று தனித்தனியே எழுதி எழுதியே என் கை தேய்ந்தது. உங்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள், பாடி வகைக்கும் தனி இடம் இருக்கும்.

பிறகு தொழிற்சாலையிலிருந்தே முழுக் காராக வரத் தொடங்கியது. சிம்சன் பஸ் பாடி கட்டியது. அனந்தராமகிருஷ்ணன் காலத்தில் 1938-ல் அமால்கமேஷன்ஸ் குழுமம் உருவானது. 1950-களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்தார்கள். சேணம் தைத்த கம்பெனி டிராக்டருக்கு எஞ்சின் கொடுக்கும் நிலைக்கு வந்தது.

நம் ஊர்க் கதை வேறு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே 'புஷ் புஷ்' வண்டி ஓடியது. உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியால் முன்சக்கரத்தைத் திருப்புவார், பின்னால் ஆள் தள்ளுவார். பாரதி பூங்கா பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சாரட்டு செய்த தச்சருக்குக் காரிலும் வேலை இருந்தது. இந்த வண்டியைத் தள்ளியவருக்குக் காரில் என்ன வேலை இருந்திருக்கும்?

இப்போது நம் பார்க்கிங்கில் மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. தெருமுனை மெக்கானிக் தம்பி சென்ற வாரம், "இதுல ஆயிலும் இல்ல, கிளட்ச்சும் இல்ல, எனக்கு என்ன சார் வேலை?" என்றார். சிம்சன் கதையைச் சொன்னேன். "அவங்களுக்குப் பட்டறையும் முதலும் இருந்துச்சு சார்" என்றார். கணக்குப் படித்த எனக்கே அதற்குப் பதில் இல்லை. பிரேக், டயர், சஸ்பென்ஷன் வேலைக்காவது நம் கார்களை அவரிடமே விடுவோமே.