வெண்டைக்காய் விதைக்குள் ஒரு வரலாறு

போன வாரம் மகாராஜபுரத்தில் என் பழைய மாணவர் ஒருவரின் வெண்டைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். முகம் வாடியிருந்தது. "போன தடவை ஹைபிரிட் பாக்கெட் விதை போட்டேன் சார், நல்லாக் காய்ச்சுது. அதுலயே நாலு செடிய முத்தவிட்டு விதை எடுத்துப் போட்டேன். இப்ப ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. பாதி மஞ்சளாப் போச்சு. வட்டிக்கு வாங்கின காசு சார்" என்றார்.

அந்த மஞ்சளுக்கு நூறு வயது. 1924இல் பம்பாய் மாகாணத்தில் முதலில் பதிவான மஞ்சள் நரம்புத் தேமல் நோய் அது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். டெல்லி பூசா நிறுவனத்தில் ஹர்பஜன் சிங் குழுவினர், நோய் அறிகுறி காட்டாத ஒரு வங்காள வெண்டையைப் 'பூசா மக்மலி'யோடு கலந்து 1950களின் கடைசியில் 'பூசா சவானி'யைக் கொண்டுவந்தார்கள். அதன் எதிர்ப்புத் திறனுக்கு இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் காரணம் என்று 1962இல் எழுதினார்கள். நாடெங்கும் பரவிய அந்த ரகமும் பிற்பாடு நோய்க்குத் தோற்றது. எண்பதுகளில் எங்கள் பள்ளித் தோட்டத்தில் பூசா சவானி மஞ்சளானபோது, "தண்ணி பத்தலையா சார்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அன்று எனக்கும் காரணம் தெரியாது.

நோய்க்காவது ஒன்றிரண்டு மரபணு. விளைச்சல் அப்படியில்லை. காய்களின் எண்ணிக்கை, காயின் எடை, எத்தனையாவது கணுவில் முதல் பூ என்று ஒவ்வொன்றையும் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. இரண்டு ரகங்களைக் கலந்தால் முதல் தலைமுறை பெற்றோரை மிஞ்சும் என்று 1946இலேயே விஜயராகவனும் வாரியரும் வெண்டையில் காட்டினார்கள். பூ பெரிது, கையால் மகரந்தம் சேர்க்கலாம், ஒரு காயில் ஏகப்பட்ட விதை. ஹைபிரிட் வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்!

மதுரை வேளாண் கல்லூரியின் எம்.டி.யு. 1, பூசா சவானியிலிருந்து சடுதிமாற்றத்தால் வந்தது. மராத்வாடாவின் 'பர்பனி கிராந்தி' (1985), பூசா சவானியை வெண்டையின் உறவுச் செடியோடு கலந்து வந்தது. இவ்விரண்டையும் கலந்ததுதான் நம் பல்கலைக்கழகத்தின் கோ 3 ஹைபிரிட். தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் அதே பூசா சவானி!

மாணவரிடம் மெண்டல் பட்டாணியை நினைவுபடுத்தினேன். முதல் தலைமுறை ஒரே மாதிரி, அடுத்ததில் பண்புகள் பிரியும். பத்தாம் வகுப்பில் படித்ததுதான்.

"அப்ப விதைய வீட்ல எடுத்து வைக்கவே முடியாதா சார்?"

ஹைபிரிட்டில் முடியாது, ரகத்தில் முடியும் என்றேன். பெங்களூரு தோட்டக்கலை நிறுவனத்தின் 'அர்கா அனாமிகா' போல ஒன்றைத் தள்ளி வைத்துப் போட்டு, நோயில்லாத செடியில் மட்டும் விதை எடுக்கலாம். அதுவும் எல்லா ஊரிலும் நோய்க்கு நிற்பதில்லை, அதையும் சொல்லிவிட்டேன்.

ஒரு சென்ட்டில் போட்டுப் பார்க்கிறாராம். மீதி நிலத்துக்குப் பாக்கெட் விதைதான்.