அவிநாசியில் இரண்டு நிமிஷம்

கொங்கு நாட்டுச் சரித்திரம் எழுதுகிறவர்கள் கல்வெட்டைப் பார்ப்பார்கள், செப்பேட்டைப் பார்ப்பார்கள், பட்டக்காரர் வம்சாவளியைப் பார்ப்பார்கள், பிறகு பஞ்சாலைக்கு வந்து சேர்வார்கள். தலைநிமிர்ந்து பார்ப்பது வழக்கமில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டு வானியலின் பெரிய வழக்கு ஒன்றில் இந்தப் பிரதேசத்தின் ஆகாயமும் சாட்சி சொல்லியிருக்கிறது.

1871 டிசம்பர் 12 காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மலபார்க் கரையில் ஏறி, நீலகிரியைத் தாண்டி, கோயமுத்தூர் ஜில்லாவைக் குறுக்காகக் கடந்து, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் போயிற்று. முழு இருட்டு ஏறக்குறைய இரண்டு நிமிஷம். அதற்காக நார்மன் லாக்கியர் பேக்கல் கோட்டையில் காத்திருந்தார், டென்னன்ட் தொட்டபெட்டாவில், பிரெஞ்சுக்காரர் ழான்சென் நீலகிரிச் சோலூரில், இத்தாலியர் ரெஸ்பிகி புதுக்கோட்டையில். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் அவிநாசிக்கு வந்தார்.

இவர்களில் பலரை இன்று அமெச்சூர் என்று ஒதுக்கிவிடுவோம். லாக்கியர் யுத்த இலாகாவில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே வானத்தைப் பார்க்கத் தொடங்கியவர். டென்னன்ட் ராணுவ எஞ்சினியர். இங்கிலாந்திலிருந்து வந்த கிரகணக் குழுவில் ஹென்றி ஹாலிடே என்ற ஓவியரும் இருந்தார். சம்பளத்துக்குப் பார்ப்பவனுக்கும் ஆசைக்குப் பார்ப்பவனுக்கும் நடுவே அன்று சுவர் எழும்பியிருக்கவில்லை.

வழக்கு இதுதான். சூரியன் மறையும்போது சுற்றிலும் தெரிகிற வெண்ணிற ஒளி, கொரோனா, சூரியனுக்குச் சொந்தமானதா, பூமியின் காற்றில் உண்டாகும் தோற்றமா? ஒருவர் பார்த்தது போதாது. வரைந்ததும் போதாது, ஒரே ஒளியை ஐந்து பேர் வரைந்தால் ஐந்து ஒளிகள் கிடைக்கும். புகைப்படம் வேண்டியிருந்தது. அன்றைய புகைப்படம் ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் பூச்சு ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். இருட்டறையைக் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்த காலம்.

பேக்கல் கடற்கரை. தொட்டபெட்டா 2,600 மீட்டருக்கு மேல். இரண்டுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு அதிகம். இரண்டு இடத்துத் தகடுகளையும் ஒப்பிட்டபோது கொரோனாவின் அதே பிளவுகள் இரண்டிலும் இருந்தன. காற்றின் வேலையாக இருந்தால் மலைக்கும் கடலுக்கும் ஒரே மாதிரி இருக்க நியாயமில்லை. சோலூரில் ழான்சென் கொரோனாவின் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளைக் கண்டார்: அங்கே சூரிய ஒளியைச் சிதறடிக்கும் பொருள் ஏதோ இருக்கிறது. தனி மனிதனின் மேதைமையில் இந்த வழக்கு தீரவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல், நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு பலர் பார்த்ததால் தீர்ந்தது.

அவிநாசி, முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டதாகச் சொல்லப்படும் தலம். விழுங்கப்பட்டது திரும்பி வரும் என்பது அந்த ஊருக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் வந்தவர்கள் சூரியனைப் பற்றி எழுதினார்கள். ஊர் அவர்களுக்கு ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அவர்கள் வந்த வேலை அது. ஊருக்குச் சொல்வது இன்னொருவர் வேலை.

அந்த வேலையைச் செய்தவர் போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872இல் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடப்பதற்கு முன், பண்டிதரும் வானியல் அறிந்தவரும் பேசிக்கொள்வதுபோல் ஒரு சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். கண்ணால் கண்டதைக் கொண்டு கணக்கைத் திருத்த வேண்டுமென்று திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். அச்சிட்ட ஏட்டைவிட ஆகாயம் பெரிய பிரமாணம் என்று பஞ்சாங்கத்துக்குள்ளிருந்தே சொன்னது, தகடு கழுவியதைவிடச் சின்னக் காரியம் இல்லை.

2019 டிசம்பர் 26 காலை நிழல் திரும்பி வந்தது. ஏறக்குறைய அதே பாதை: காசர்கோடு, உதகை, கோவை, திருப்பூர், ஈரோடு, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை. இம்முறை சூரியன் முழுதாக மறையவில்லை. விளிம்பு வளையமாக எஞ்சியது. கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் உண்டு, மொட்டை மாடியில் வடிகட்டிக் கண்ணாடியோடு நின்ற வீடுகளும் உண்டு. 1871இல் தகடுகளை எண்ணிவிடலாம். 2019இல் படங்களை எண்ண முடியாது.

ஆனால் எண்ணிக்கை சாட்சியாகிவிடாது. கைப்பேசி எடுத்த படத்துக்குள் நேரமும் இடமும் ஒளிந்திருக்கின்றன. வாட்ஸப்பில் படமாக அனுப்பும்போது அவை உதிர்ந்துவிடுகின்றன. கைமாறிக் கைமாறி வருவது எங்கோ, எப்போதோ எடுத்த அழகான வளையம். அதை ரசிக்கலாம், அதைக் கொண்டு எதையும் கேட்க முடியாது. பாதையின் விளிம்பில் நின்று வளையம் எந்த விநாடியில் அறுந்தது என்று குறித்தவனின் காகிதம் சூரியனின் விட்டத்தை அளக்கவே உதவும். அவனுக்குப் பெரிய கேமரா தேவையில்லை. கடிகாரம் சரியாக ஓட வேண்டும், ஊர்ப்பெயரை எழுத வேண்டும்.

2031 மே 21இல் இன்னொரு வளையம் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கும். படங்கள் நிச்சயம் வரும். குறிப்புகள் வருமா என்பதுதான் கேள்வி.