ரூபாய்க் குறி வரைந்த தமிழர்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, பாறசாலை வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை களியக்காவிளையை அடையும்போது கடைப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. இப்புறம் மலையாளம், சில அடிகள் கடந்தால் தமிழ். பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. பாறசாலைக்காரர் பேசும் மலையாளத்தில் தமிழும், விளவங்கோட்டார் பேசும் தமிழில் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். ஆயினும் வாழைக்குலைக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் விலை எழுதித் தொங்கவிடும் அட்டையில், இருபுறத்து வணிகரும் இன்று இடுகின்ற குறி ஒன்றே. அது ₹ என்னும் ரூபாய்க் குறி. அதனை வரைந்தவர் ஒரு தமிழர் என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் அறிவர்?

அக்குறியின் கதைக்குமுன், இம்மண்ணின் பழைய பணக்கணக்கைச் சற்றே நோக்குவோம். திருவிதாங்கூர் அரசுக்குத் தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். ஆக, 28 சக்கரம் கொண்டது திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் ஆங்கிலேயரின் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். அந்த எட்டுக் காசு வேறுபாட்டினால் எல்லைச் சந்தைகளில் எழுந்த வாய்ச்சண்டைகள் எத்தனையோ! சமஸ்தானத்தின் செப்புச் சக்கரத்தில் சங்கு முத்திரை பொறிக்கப்பட்டிருந்தது. எழுத்தறியாதவரும் சங்கைக் கண்டு நாணயத்தை அறிந்தனர். ஒரு குறி செய்ய வேண்டிய வேலை அதுவே அன்றோ?

மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது திருவிதாங்கூர்த் தமிழர் வேண்டிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதே வட்டத்துப் பாலராமபுரத்தில், பாலராமவர்மர் காலத்தில் நாஞ்சில் நாட்டுப் பகுதியிலிருந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்கள் இன்றும் தறியில் கரைச்சேலை நெய்கின்றனர். வெள்ளை நூற்பரப்பில் எங்கே கோடு இட வேண்டும், எங்கே வெறுமையாய் விட வேண்டும் என்பதே அவர்தம் கலை. வெற்றிடமும் வடிவத்தின் பகுதியே என்னும் இந்நுட்பத்தை நாம் இனிக் காணப்போகும் குறியிலும் காணலாம்.

உதயகுமார் 1978இல் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். தந்தையார் தமிழகச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். மகனோ அரசியலை நாடவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று 2001இல் பட்டம் பெற்றார். கட்டடம் பயின்றவர் எழுத்துக்குத் திரும்பியது வியப்பன்று. தூணும் உத்தரமும் சுமையைத் தாங்குவதுபோல் எழுத்திலும் ஒரு கோடு மற்றொரு கோட்டைத் தாங்குகிறது. பின்னர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பு மையத்தில் காட்சித் தொடர்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். ஓர் இதழின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்றுப் பணியாற்றியதும் உண்டு. மீண்டும் அம்மையத்திற்கே சென்று முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டார். அவர் மனம் தோய்ந்த துறை தமிழ் எழுத்துருவியல்.

2009இல் நடுவண் நிதி அமைச்சகம் ரூபாய்க்கு ஒரு குறி வேண்டிப் பொதுப் போட்டி அறிவித்தது. டாலர், பவுண்டு, யூரோ, யென் ஆகியவற்றுக்குக் குறி இருக்க, நம் பணத்தை இரண்டு ஆங்கில எழுத்துக்களால் சுட்டி வந்தோம். அவ்வெழுத்துக்கள் பாகிஸ்தான், இலங்கை, நேபாள ரூபாய்களுக்கும் பொதுவாயின. நாட்டின் பண்பாட்டைக் காட்டுவதாகவும் கணிப்பொறி விசைப்பலகைக்கு ஏற்றதாகவும் குறி அமைய வேண்டும் என்பது நிபந்தனை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஐந்து இறுதிச்சுற்றை எட்டின. 2010 சூலை 15ஆம் நாள் அமைச்சரவை உதயகுமாரின் வடிவத்தை ஏற்றது. பரிசு 2,50,000 ரூபாய். குவாஹாத்தித் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஆசிரியப் பணி ஏற்றதும் அதே நாட்களில்தான்.

அவர் செய்தது என்ன? தேவநாகரி 'ர' எழுத்தையும், உரோமானிய 'ஆர்' எழுத்தில் நிமிர்ந்த கால் நீக்கிய எஞ்சிய உருவையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். மேலே இரு கிடைக்கோடுகள். அவற்றுள் ஒன்று நாகரி எழுத்தின் தலைக்கோடு. இரண்டு கோடுகளும் இடைவெளியும் சேர்ந்து மூவண்ணக் கொடியை நினைவூட்டும். கணக்கில் இடும் சமக்குறியையும் ஒக்கும். இந்தியர் தம் எழுத்தாகக் கொள்வர்; அயலார் தமக்குத் தெரிந்த எழுத்தாகக் கொள்வர். பாலராமபுரத்து நெசவாளர் விட்ட வெற்றிடம்போல, இங்கும் நடுவில் விட்ட வெண்மையே பொருள் தருகிறது.

தமிழ் எழுத்தை ஆய்ந்த தமிழர் ஏன் நாகரியைக் கொண்டார் என்று கேட்போர் உளர். அக்கேள்வியைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று. தலைக்கோடு நம் எழுத்துக்கு இல்லை, மலையாளத்துக்கும் இல்லை. தென்னாட்டார் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். கிடையாக இழுத்தால் ஓலை கிழியும் என்பர். ஆதலின் வளைவும் சுழியும் பெருகின. கோக்கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, பாறசாலைக்குத் தெற்கே மிக அண்மையில் உள்ள ஊரைப் பற்றியது, காலம் கி.பி. 866. அதன் தமிழ் வட்டெழுத்தில் அமைந்தது. தமிழ்க் கணக்கில் ரூபாய்க்கு ௹ என்றொரு சுழியும் முன்னமே இருந்தது. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர், நாடு முழுமைக்கும் பொதுவாக ஒன்று வரைய அமர்ந்தபோது தம் தாய்மொழி எழுத்தை ஒதுக்கி வைத்தார். இதனை இழப்பு என்போர் கூற்றில் உண்மை உண்டு. எனினும் வாடிக்கையாளர் கேட்டதை விடுத்துத் தமக்கு இனியதைச் செய்பவர் நல்ல ஓவியராகலாம். நல்ல வடிவமைப்பாளர் ஆகார் என்பது நம் கருத்து.

எழுத்து வடிவமைப்பு தமிழருக்குப் புதிதன்று என்பதற்குக் கேரள மண்ணே சான்று. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. பதினாறே பக்கம். என்றிக்கே என்னும் பாதிரியார் மொழிபெயர்த்தது. இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. முந்திய ஆண்டு கோவாவில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் போதாமல், கொல்லத்தில் வேறு எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. நூலின் இறுதியில் இருவகை எழுத்துக்களையும் காட்டியுள்ளனர். நானூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழ் எழுத்தைச் சீராக வார்க்க ஓர் அச்சகத்தார் பட்ட பாடு அப்பக்கத்தில் தெரிகிறது. இன்றைய பாறசாலைச் சிறுவன் அதனைப் படிக்க இயலுமா என்பது வேறு கேள்வி. வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் மலையாள எழுத்து மட்டும் கற்ற பிள்ளைகள் எல்லையூர்களில் பலர்.

எம்மைப் போன்ற அரசு எழுத்தர்களுக்கு இக்குறி தொடக்கத்தில் சிறு தொல்லையே. பழைய தட்டச்சுப் பொறிகளில் அது ஏது? 2010 அக்டோபரில் ஒருங்குறியில் இடம்பெற்றது. 2011இல் நாணயத்தில் ஏறியது. தொகைக்குப் பின்னால் சாய்கோடும் சிறுகோடும் இடும் வழக்கம் மட்டும் நம் கோப்புகளை விட்டு இன்றும் நீங்கவில்லை. மேற்கொண்டு அணா பைசா இல்லை என்று அடைப்பதற்காக இட்ட கோடு அது. அணா போய் 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது. பின்னர் நயாவும் உதிர்ந்தது. கோடு மட்டும் வாழ்கிறது.

2025 மார்ச் 13ஆம் நாள் தமிழக அரசு தன் வரவு செலவுத் திட்டச் சின்னத்தில் இக்குறிக்கு மாற்றாக 'ரூ' என்னும் தமிழ் எழுத்தை வெளியிட்டது. நாடெங்கும் வாதம் எழுந்தது. வரைந்தவர் தமிழர் என்று ஒரு சாராரும், 'ரூ' நம் கடைகளில் என்றும் உள்ளதே என்று மறுசாராரும் பேசினர். நாம் அவ்வாதத்தில் இறங்கவில்லை. களியக்காவிளைக் கடைக்காரர் இரண்டையும் எழுதுகிறார். கல்லாப்பெட்டியில் விழும் தாள் ஒன்றே. அத்தாளைத் திருப்பி, மதிப்பைப் பதினைந்து மொழிகளில் எழுதிய கட்டத்தைப் பிள்ளைகளிடம் காட்டலாம். மேலிருந்து ஏழாவது வரி மலையாளம். பதின்மூன்றாவது வரி தமிழ்.